கள்ளக்கடல்

அன்புள்ள அண்ணாச்சி,

நான் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் பள்ளி ஆசிரியன். நூலகங்களிலும் ஆலய மண்டபங்களிலும் காலநிலை மாற்றம் பற்றிப் பேசி வருகிறேன். துருவக்கரடி, உருகும் பனி, பூமியின் சூடு 1.5 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்னும் வரைபடம் எல்லாம் திரையில் காட்டுவேன். போன மாதம் ஒரு கடற்கரை ஊரில் பாதியிலேயே கூட்டம் எழுந்துவிட்டது. நம் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. இன்னும் பயமுறுத்தும் படங்களைக் காட்டவேண்டுமா? குறும்படம் எடுத்தால் பலன் இருக்குமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

குறும்படம் எடுக்கத் தெரிந்தால் எடுங்கள். பயமுறுத்தும் படம் வேண்டாம். உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. 'விழிப்புணர்வு இல்லை' என்று யாரைச் சொல்கிறீர்கள்? விடியுமுன் கடலின் நிறம் பார்த்து வள்ளம் இறக்குகிறவர்களையா? 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் பல ஆழ்கடலுக்குப் போய் நாள்கள் ஆகியிருந்தன. 'கடலுக்குப் போகாதீர்கள்' என்ற அறிவிப்பு கரையில் ஒலித்தது. போனவனுக்கு அது எப்படிக் கேட்கும்? சொல்கிறவனின் குறையைக் கேட்கிறவன் தலையில் கட்டும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும். கோடை விடுமுறைக்குக் கடியப்பட்டணத்தில் அப்பாவின் நண்பர் வீட்டில் இருந்தேன். சித்திரை வெயில், ஓலைகூட அசையவில்லை. அந்த வீட்டுப் பாட்டி மணலில் பாய் விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தாள். கடல் சத்தமில்லாமல் ஏறி வந்து பாயோடு இழுத்துக்கொண்டு போயிற்று. பாட்டி அலறவில்லை. ஈர மணலில் குனிந்து, மிஞ்சியதை மடியில் பொறுக்கிக்கொண்டே, "கள்ளக்கடல் வந்துட்டு மக்களே, ரெண்டு நாளைக்கு இப்பிடித்தான் கிடக்கும்" என்றாள்.

தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இந்துமாக்கடலின் அடிக்கோடியில் புயல் எழுப்பும் நெடிய அலை, நாள்கணக்கில் ஓடி நம் கரையில் ஏறுகிறது. இங்கே காற்றும் இராது, மேகமும் இராது. கள்ளனைப் போல வருவதால் அந்தப் பெயர். 2012-ல் யுனெஸ்கோ இந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் இருந்து கடல் எச்சரிக்கை தரும் இன்காய்ஸ் என்ற அரசு நிறுவனம் தன் எச்சரிக்கையில் 'கள்ளக்கடல்' என்றே எழுதுகிறது. பாட்டியின் சொல்லை விஞ்ஞானிகள் வாங்கிக்கொண்டார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாம் வாங்கவில்லை. உங்கள் திரையில் அந்தச் சொல் ஒருமுறையாவது வந்ததா?

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் வெளியூரிலிருந்து வந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. எச்சரிக்கை இருந்தது. சொல்லும் இருந்தது. அந்த மணலில் நின்ற பிள்ளைகளிடம் அது போய்ச் சேரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் ஒன்று. கள்ளக்கடலே காலநிலை மாற்றத்தால் வந்தது என்று மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அது பாட்டியின் பாட்டி காலத்திலும் வந்தது. ஒரு பொய் சொன்னால் அப்புறம் நீங்கள் சொல்லும் எந்த உண்மையையும் அந்த ஊர் நம்பாது. உள்ளதைச் சொல்லுங்கள். 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. வரைபடம் எதற்கு, கையை விரித்து ஒரு சாண் காட்டுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தச் சாண் மேல் ஏறி நின்றுகொண்டு கள்ளக்கடல் வந்தால் எந்த வீட்டு நடை வரை வரும் என்று கேளுங்கள். யாரும் எழுந்து போகமாட்டார்கள். அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள், எந்த வருஷம் எந்தத் தென்னை போயிற்று, எந்தத் தெரு போயிற்று என்று. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிறு சேர்ந்து போவோம். அன்றைக்குத் தொழிலுக்குப் போகமாட்டார்கள், பூசை முடிந்து வலை பின்னும் கூடத்தில் இருப்பார்கள். திரையும் கம்ப்யூட்டரும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.