பயாப்ஸி துணுக்கு சொல்லும் சேதி: புராஸ்டேட் புற்றுநோய், கேள்வி பதில்

புதுச்சேரியில் பல ஆண்டுகளாக நுண்ணோக்கியோடு வாழும் நோயியல் மருத்துவன் நான். பயாப்ஸி, அதாவது ஊசியால் எடுத்த திசுத் துணுக்கைச் சோதித்துத் தரும் அறிக்கை பற்றிக் கேளுங்கள். அறுவையா கதிர்வீச்சா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நெல்லிக்குப்பம்: அப்பாவுக்கு கிளீசன் 3+4=7. மாமாவுக்கு 4+3=7. கூட்டினால் ஒன்றுதானே?

ஒன்றில்லை, தம்பி. கிளீசன் என்பது புற்றுச் சுரப்பிகள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் மதிப்பெண். முதல் எண், திசுவில் அதிகம் காணப்படும் வடிவத்துக்கு உரியது; இரண்டாவது, அடுத்தபடியாகக் காணப்படுவதற்கு. அப்பாவுக்குத் தனித்தனியாக உருவான சுரப்பிகள் அதிகம். மாமாவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிச் சிதைந்தவை அதிகம். தீவிரத்தை 1 முதல் 5 வரை பிரிக்கும் தரக் குழுவில் அப்பா 2, மாமா 3.

வில்லியனூர்: பி.எஸ்.ஏ. 9 இருக்கிறது. இது திசுக் குறியீடா?

இல்லை, அது புராஸ்டேட்டில் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை.

பண்ருட்டி: என் கணவரின் அறிக்கையில் ‘பிடென் இழப்பு’ என்று இருக்கிறது. பயந்துபோயிருக்கிறேன்.

அம்மா, பிடென் என்ற புரதம் செல் பெருகாமல் பிடித்து நிறுத்தும் கடிவாளம். பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியிலிருந்து சுமார் 4 மைக்ரான் தடிமனில் சீவிய திசுவுக்குச் சாயமேற்றினால், இந்தப் புரதம் உள்ள இடம் பழுப்பாகும். நல்ல சுரப்பி பழுப்பாக இருக்க, பக்கத்திலேயே புற்றுச் சுரப்பி நீல உட்கருவோடு வெளிறிக் கிடந்தால், இழப்பு என்று எழுதுவோம். அப்படிப்பட்ட புற்றுக் கட்டிகள் வேகமாக வளரும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது வாய்ப்புதான், தீர்ப்பு அல்ல. கிளீசன், பி.எஸ்.ஏ., ஸ்கேன் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நல்ல சுரப்பியும் வெளிறியிருந்தால் அந்த ஸ்லைடே செல்லாது. ஒருமுறை ஒரு மருத்துவமனையிலிருந்து திசுவை உப்புநீரில் போட்டு அனுப்பிவிட்டார்கள். செல்கள் ஊதிக் கரைந்திருந்தன. எந்தச் சாயமும் பிடிக்கவில்லை. பெரியவருக்கு மறுபடியும் ஊசியால் திசு எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன்: திசு கெடாமல் காக்கும் திரவமான ஃபார்மலின், ஃபார்மலின் மட்டுமே.

கடலூர், ஆய்வகப் பணியாளர்: ஐயா, கேஐ-67 என்ற சாயச் சோதனை, பிடென் இரண்டையும் எல்லா நோயாளிக்கும் செய்தால் என்ன? மார்பகப் புற்றுக்கு இப்படிச் சில சாயச் சோதனைகளை எல்லோருக்கும் செய்கிறோமே.

மார்பகத்தில் ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாகத் தெரிந்தால் மருந்தே மாறுகிறது. இங்கே பெரும்பாலும் அப்படி மாறுவதில்லை. சிகிச்சையை மாற்றாத சோதனைக்கு ஏழைக் குடும்பம் ஏன் பணம் கட்ட வேண்டும்?

அவரே மீண்டும்: கேஐ-67 பெருகும் செல்லைத் தானே எண்ணுகிறது? எண்ணுக்கு என்ன பாகுபாடு?

எண்ணுகிறவர் மாறினால் எண் மாறுகிறதே! புராஸ்டேட்டில் பெருகும் செல்கள் பொதுவாக மிகக் குறைவு. பழுப்பு உட்கரு அடர்ந்த இடத்தைப் பார்த்து நான் எண்ணினால் ஒரு விடை, நீங்கள் எல்லா இடத்துக்கும் சராசரி எடுத்தால் வேறொரு விடை. எந்த எல்லைக்கு மேல் ஆபத்து என்பதிலும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை.

பாகூர்: கடலூர்க்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கண்காணிப்பில் இருப்பவர்களுக்காவது உதவாதா?

இதை ஒப்புக்கொள்கிறேன். கிளீசன் 3+3 என்று குறைந்த தரத்தில் வந்தவரை உடனே அறுக்காமல் கண்காணிக்கும்போது, பிடென் இழப்பு தெரிந்தால், ஊசியில் சிக்காத மோசமான பகுதி உள்ளே இருக்கக்கூடும் என்று நெருங்கிக் கவனிக்கலாம். கடலூர்க்காரர் முதலிலேயே இப்படிக் கேட்டிருந்தால் ‘ஆம்’ என்றிருப்பேன். எல்லோருக்கும் என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அரியாங்குப்பம்: பி.எஸ்.ஏ. 6 என்றால் புற்றுநோயா?
திருப்பாதிரிப்புலியூர்: பி.எஸ்.ஏ. 11, பிடென் பார்க்கலாமா?

இருவருக்கும்: பி.எஸ்.ஏ. வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும் கூட ஏறும். பயாப்ஸி எடுக்காமல் பிடென் பார்க்க முடியாது. பார்க்கத் திசு வேண்டும். இதே கேள்வியை மறுபடி கேட்காதீர்கள்.

நெய்வேலி: நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய பயாப்ஸி. இப்போது பிடென் பார்க்க முடியுமா?

முடியும், மெழுகுக் கட்டி பத்திரமாக இருந்தால். சோதனை செய்த ஆய்வகத்தில் கட்டியையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கேட்டுப் பெறுங்கள். பெட்டியில் வைத்து நிழலில் கொண்டுவாருங்கள். மே மாத வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.