பில் போடும்போதே கணக்கு எடுக்க முடியுமா?

கேள்வி: மன்னார்குடியில் உரக்கடை. குறுவைக் கூட்டத்தில் ஊழியர் பில் போட்டுக்கொண்டிருப்பார். கணக்கு எடுக்க, தஞ்சாவூர் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் (தொலைவிலிருந்து கடைக் கணினியை இயக்கும் வசதி) நுழைந்தால் அவருடைய திரை பூட்டிக்கொள்கிறது. விண்டோஸ் 11 ப்ரோ. என்ன வழி?

பதில்: அது கோளாறு இல்லை. ப்ரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். நீங்கள் உள்ளே போனால் அவர் வெளியே. இணையத்தில் கிடைக்கும் 'பேட்ச்' (விண்டோஸை மாற்றும் ஒட்டு நிரல்) ஒட்டி இருவரை நுழைக்காதீர்கள். உரிமத்துக்கு விரோதம், அடுத்த அப்டேட்டில் படுத்துவிடும், அதுவும் கூட்டம் நிற்கும் நாளில்தான். திரையைப் பகிரும் எனிடெஸ்க் செயலியிலும் இருவருக்கும் அதே மவுஸ்தான். நீங்கள் நகர்த்தினால் அவர் கை நிற்கும்.

உங்களுக்குக் கணக்குக் கோப்பு மட்டும் போதுமென்றால் திரையே வேண்டாம். கடைக் கணினியின் செட்டிங்ஸில் சிஸ்டம், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'ஓப்பன் எஸ்எஸ்ஹெச் சர்வர்' (வெளியிலிருந்து பாதுகாப்பாகக் கோப்பை எடுக்க விடும் சேவை) சேருங்கள். சர்வீசஸில் அதை 'ஆட்டோமேடிக்' ஆக்கி ஸ்டார்ட் கொடுங்கள். இரண்டு கணினியிலும் டெயில்ஸ்கேல் (இரண்டையும் தனி வலையில் இணைக்கும் செயலி) போட்டால் ரவுட்டரில் 22-ஆம் போர்ட்டை (எஸ்எஸ்ஹெச் நுழையும் வாசல்) திறக்க வேண்டியதில்லை, திறக்கவும் கூடாது. வீட்டிலிருந்து வின்எஸ்சிபி என்ற கோப்பு நகலெடுக்கும் செயலி மூலம் கோப்பை இழுக்கலாம், ஊழியருக்குத் தெரியவே தெரியாது. விண்டோஸைத் திறக்கும் நான்கு இலக்க பின் இங்கே செல்லாது, விண்டோஸ் கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

பில் ஓடும்போது மூலக் கோப்பை நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் வரலாம். மென்பொருள் எடுக்கும் பேக்கப்பையே எடுங்கள். கடைக் கணினி ஸ்லீப் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் பில் போடத்தான் வேண்டுமென்றால், கணக்கு மென்பொருளின் பல-பயனர் உரிமம் அல்லது விண்டோஸ் சர்வர். செலவு உண்டு.