தாத்தா விட்டுப்போன மவுசர் என்ற பழைய ஜெர்மன் பிஸ்டலையும் அதைத் தோளில் வைத்துச் சுட உதவும் மரக்கட்டையையும் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, அசல் கட்டைக்கு அமெரிக்காவில் விலக்கு உண்டே என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

"நூறு வருஷப் பொருள்தானே, லைசென்ஸ் எதற்கு?" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழைய ஆயுதத்துக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருந்தால்தான் அந்த விலக்கு. எண்ணெய் போட்டால் ஓடுகிற மவுசருக்கு லைசென்ஸ் கட்டாயம்.

உசிலம்பட்டிப் பக்கம் என் மாமா வீட்டிலும் இதே கதைதான். பரணில் இருந்து இறக்கியபோது ஏதோ மரப்பெட்டி என்றே நினைத்தோம். ஒல்லியான முனையில் இரும்புக் கொளுவி. அதைப் பிஸ்டல் பிடியின் பின்பக்கக் காடியில் தள்ளினால் டக்கென்று உட்கார்ந்துவிடும். உறையாக இருந்த மரம் தோளில் வைக்கும் கட்டையாகிவிட்டது. பிஸ்டல் தாத்தா பெயரில் இருந்தது. அவர் இறந்தபின் யாரும் லைசென்ஸை மாற்றவில்லை. மாமாவுக்குப் பல நாள் தூக்கம் போனது அதனால்தான்.

அசல் கட்டைக்கு அமெரிக்காவில் விலக்கு உண்டு என்று நீங்கள் சொன்னது சரிதான். அங்கே 1934 சட்டப்படி, 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலோடு தோள்கட்டை சேர்ந்தால் அது குட்டை ரைஃபிள், கடும் கட்டுப்பாடு உள்ள வகை. மவுசர், லூகர் போன்ற சில பழைய வகைகளைச் சேகரிப்பாளர்களுக்காக அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியல் மதுரையில் செல்லாது.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது தோட்டா அளவு. பிடியில் பெரிய சிவப்பு 9 செதுக்கியிருந்தால் அது 9 மி.மீ., தடைசெய்யப்பட்ட வகை. விசையை அழுத்தியபடி இருந்தால் தொடர்ந்து சுடும் மாடலும் அப்படியே. 2019 திருத்தத்துக்குப் பிறகு இவற்றை அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் தண்டனை 7 முதல் 14 வருஷம். சாதாரண 7.63 மி.மீ. என்றால் வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் கேட்கலாம். ஆனால் ஒருவருக்கு மொத்தம் 2 துப்பாக்கிதான், வாரிசாக வந்ததும் அதில் அடக்கம்.

கட்டையை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாமா? சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சிறு பாகத்துக்குச் சட்டத்தில் சலுகை இருக்கிறது. பிஸ்டலும் அதே வீட்டில் இருக்கும்போது அதை நம்பி இறங்காதீர்கள்.

தயவுசெய்து பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போகாதீர்கள். பிஸ்டலில் பொறித்திருக்கும் எண்ணைச் சுரண்டாதீர்கள், அது தனிக் குற்றம். முதலில் வக்கீலைப் பாருங்கள். அப்புறம் ஸ்டேஷனுக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். ரசீதில் பிஸ்டல் எண்ணோடு மரக்கட்டையையும் எழுதச் சொல்லுங்கள். மாமா அதைக் கேட்டு வாங்கினார்.