பற்பசை பிரஷ்ஷில் நிற்கிறது, டியூபை அழுத்தினால் ஓடுகிறது. ஏன்?

பற்பசை ஒரு சிக்கலான பாய்மம். அதாவது, திரவத்துக்குள் நுண்துகள்களோ நீண்ட மூலக்கூறுகளோ கலந்து கிடக்கும் பொருள். பற்பசையில் நீர், கிளிசரின், சிலிகா போன்ற நுண்ணிய தூள், பிசின் எல்லாம் ஒன்றையொன்று பிடித்து வலைபோல நிற்கின்றன. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் வலை அறுந்து பசை ஓடும். விட்டதும் மறுபடி கூடிக்கொள்ளும். நெரிசலான பஸ்ஸில் லேசாகத் தள்ளினால் யாரும் அசைவதில்லை, பலமாகத் தள்ளினால் கூட்டமே நகரும், அப்படித்தான்.

சுவர் பெயின்ட் வழியாமல் நிற்பதும் இதனால்தான். என்னை வியக்க வைப்பது எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே செலுத்தும் களிமண் குழம்பு: பம்ப் நின்றதும் உறைந்து, பாறைத் துகள்கள் அடியில் விழாமல் தாங்கிக்கொள்கிறது.

கெட்டியானதெல்லாம் இந்த வகை என்று நினைக்க வேண்டாம். தேன் கெட்டிதான், ஆனால் லேசாகச் சாய்த்தாலே மெதுவாக ஓடிவிடும்.