நாலு தடவை படித்தும் தேர்வில் ஏன் மறந்துபோகிறது?

"நாலு தடவை படிக்கிறேன், தேர்வு அறையில் உட்கார்ந்தால் ஒன்றும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். என் சந்தேகம் அந்த நாலு தடவை மேல்தான்.

ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதை மனம் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. தேர்விலோ வெற்றுத்தாளில் நீங்களாக எழுத வேண்டும்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை நான்கு சுற்று படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், ஐந்து நிமிடத்திலேயே கேட்டபோது படித்தவர்கள்தான் முந்தினார்கள். கடைசி நேரப் படிப்பு ஏமாற்றுவது இப்படித்தான்.

அதனால் இரண்டு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். ஒளிச்சேர்க்கை என்றால், ஓர் இலையை வரைந்து எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று அம்புக்குறி போடுங்கள். ஆக்சிஜன் வருவது நீரிலிருந்தா, கார்பன் டை ஆக்சைடிலிருந்தா என்று பேனா நிற்கும். (நீரிலிருந்துதான்.) நின்ற இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். அப்புறம் மறுநாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. முதலில் எரிச்சலாக இருக்கும், பாதிகூட வராது. பரவாயில்லை.

பக்கம் முழுக்க மஞ்சள் கோடு அடிப்பதை விட்டுவிடலாம். அதில் புத்தகம்தான் அழகாகிறது. கணக்கா? போட்டுக்காட்டிய கணக்கைப் பார்த்துத் தலையாட்டாமல், விடையை மறைத்து முதல் வரியிலிருந்து போடுங்கள்.