கார்னர்ல நிக்கிற ஆளு

கடிதம்:

அன்புள்ள அண்ணா, ரெண்டு வருஷமா நான் பாக்ஸிங் பைத்தியம். நாக் அவுட் வீடியோ பாத்துதான் ஆரம்பிச்சது, இப்ப ஞாயித்துக்கிழம விடிகாலைல அலாரம் வெச்சு எழுந்து லைவ் பாக்குறேன். "ரெண்டு பேர் மண்டைல அடிச்சுக்கிறத பாத்து உனக்கு என்ன சந்தோஷம்"னு வீட்ல கேக்குறாங்க, பதில் சொல்ல வரல. எங்கள மாதிரி ரசிகர்களுக்குள்ள ஒரு மிருகம் இருக்கா? யுஎஃப்சி (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) வந்தப்புறம் பாக்ஸிங் செத்துடுச்சுங்கறாங்களே, நிஜமா? அலி பெருசா, டைசன் பெருசா?

(பேர் போட வேணாம்னு கேட்டிருக்கார்.)

பதில்:

தம்பி,

அலியா டைசனாங்கறது டீக்கடைல முடிச்சுக்க வேண்டிய விஷயம், என்கிட்ட கொண்டு வராதீங்க. பாக்ஸிங் செத்துடுச்சுன்னு டிவி வந்த காலத்துலயே எழுதிட்டாங்க, அப்ப எழுதினவங்கதான் இப்ப இல்ல. மிருகம் இருக்கான்னா இருக்கு, உங்க வீட்ல கேட்டவங்களுக்குள்ளயும் இருக்கு, அதப் பாக்க அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பே போதும்.

எனக்குக் கோவம் வந்தது நாக் அவுட் வீடியோன்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான். கல்யாணத்துக்குப் போய் பாயசம் மட்டும் குடிச்சுட்டு கை கழுவுற கதை அது. பன்னெண்டு செகண்ட் க்ளிப், ஒருத்தன் விழுறான், கீழ சிரிக்கிற எமோஜி. அந்த ஆளு எந்த ரவுண்டுல விழுந்தான், அதுக்கு முன்னாடி ஸ்டூல்ல உக்காந்தப்ப அவன்கிட்ட என்ன சொன்னாங்க, எதுவும் தெரியாம ரெண்டு வருஷம் பாத்திருக்கீங்க, அப்புறம் எப்படி பதில் சொல்ல வரும்?

மூணு நிமிஷம் சண்டை, ஒரு நிமிஷம் ரெஸ்ட். நான் கொஞ்ச நாளா நெனச்சுட்டிருக்கறது என்னன்னா, நம்மள கட்டிப்போடறது அந்த ஒரு நிமிஷம்தான். மணி அடிச்சதும் கார்னர்ல, அதாவது ரிங்கோட மூலைல, ஸ்டூல் உள்ள வரும், ஒருத்தர் பஞ்சு சுத்தின குச்சில அட்ரினலின் தொட்டு புருவத்துக் கிழிசல்ல அழுத்துவார், ஐஸ்ல வெச்ச இரும்புக் கட்டிய வீங்கின கண்ணு மேல வெச்சு ஒத்துவார், வேசலின் பூசுவாங்க, வாய்ல தண்ணி ஊத்தி பக்கெட்ட நீட்டுவாங்க, இதுக்கு நடுவுல ட்ரெய்னர் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு, இவன இன்னொரு தடவ வெளிய அனுப்பலாமா வேணாமான்னு கண்ணப் பாத்து முடிவு பண்ணணும். ஜெயிக்கணும்னு உங்களவிட அதிகமா ஆசப்படற உங்க சொந்த ஆளே, நீங்க வேணாம் வேணாம்னு கத்தும்போது ஆட்டத்த நிறுத்தறது வேற எந்த விளையாட்டுல இருக்கு சொல்லுங்க.

எங்க மாமா ஒருத்தர் வண்ணாரப்பேட்டை. ஹார்பர்ல வேல. வாழ்க்கைல ஒரு ஃபைட்டும் போட்டதில்ல, ஆனா எங்க குத்துச்சண்டை நடந்தாலும் யாராவது ஒரு பையனுக்கு கார்னர்ல துண்டோட நிப்பார். ஒருதடவ ஏரியாவே கொண்டாடற பையன் ஒருத்தன் நல்லா வாங்கிட்டிருக்கான், ஆனா விழல. மாமா துண்டத் தூக்கி உள்ள போட்டுட்டார், எங்க ஆளு தோத்தான், நிறுத்துங்கன்னு அர்த்தம். கூட்டம் மாமாவ அசிங்க அசிங்கமா திட்டுச்சு, அந்தப் பையன் ஒரு வருஷம் அவர்கூட பேசல. அவனோட அம்மா மட்டும் மறுநாள் மீன் கொழம்பு குடுத்தனுப்பினாங்க.

1980 ஆரம்பத்துல முகமது அலி மெட்ராஸ் வந்தார் இல்லையா, எம்ஜிஆர் கூட நிக்கிற ஃபோட்டோ இன்னும் சுத்துது, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ்கூட கண்காட்சி ஃபைட். ஊரே அலி அலின்னு குதிக்குது, மாமா திரும்பி வந்து சொன்னது, "உடம்பு போட்டுட்டாரு, இனிமே இவர யாரும் உள்ள விடக்கூடாது"ன்னு. அப்ப அலி ரிட்டயர் ஆகி இருந்தார். அதே வருஷம் அக்டோபர் 2, லாஸ் வேகாஸ்ல லாரி ஹோம்ஸோட இறங்கிட்டார், 38 வயசுல. ஹோம்ஸ் ஒருகாலத்துல அலிக்கே ஸ்பாரிங் பார்ட்னர். பத்து ரவுண்டு ஒருபக்கமா அடி. பத்தாவது முடிஞ்சதும் அலியோட ட்ரெய்னர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தச் சொன்னார், அதே கார்னர்லயே இருந்த பண்டினி பிரவுன் இன்னும் ஒரு ரவுண்டுன்னு கெஞ்சினார், டண்டீ கேக்கல. பேப்பர்ல நியூஸ் வந்தப்ப எங்க மாமா கேட்ட மொத கேள்வி, "நிறுத்துனது யாரு?" நாலு வருஷம் கழிச்சு அலிக்கு பார்கின்சன்ஸ்னு சொன்னாங்க. டண்டீ இன்னும் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்னு மாமா சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தார். எனக்கும் அப்படித்தான் தோணுது.

அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதின மணிலா கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா அலி ஜெயிச்ச கதையாத்தான் தெரிஞ்சிருக்கும். 1975 அக்டோபர் 1, அமெரிக்க டிவி நேரத்துக்காக காலைல ஃபைட், உள்ள வெக்கை அவிச்சு எடுக்குது. ஜோ ஃப்ரேசியருக்கு இடது கண்ணு ஏற்கனவே சரியா தெரியாது, அத மறச்சு வெச்சுதான் ஆடினார், வலது கண்ணும் வீங்கி மூடிடுச்சுன்னா அலியோட வலது கை எங்கேர்ந்து வருதுன்னே தெரியாது இல்லையா. பதினாலு ரவுண்டு முடிஞ்சாச்சு, பாக்கி ஒண்ணே ஒண்ணு. ஃப்ரேசியர் எழுந்திருக்கப் பாக்குறார். அவரோட ட்ரெய்னர் எடி ஃபட்ச் தோள்ல கை வெச்சு, உக்காருப்பா, முடிஞ்சுபோச்சு, நீ இன்னைக்கு இங்க செஞ்சத யாரும் மறக்க மாட்டாங்கன்னு உக்கார வெச்சுட்டார். அந்தப் பக்கம் அலியும் நிக்கத் தெம்பில்லாம இருந்தார், சாவுக்குப் பக்கத்துல போய்ட்டு வந்த மாதிரின்னு அப்புறம் அவரே சொன்னார். இன்னும் மூணு நிமிஷம் விட்டிருந்தா ஃப்ரேசியர் ஜெயிச்சிருப்பார்னு இன்னைக்கும் சண்டை போடறவங்க இருக்காங்க. ஜெயிச்சிருக்கலாம்யா, செத்தும் இருக்கலாம். ஃபட்ச் ரிங்ல சாவு பாத்தவர்.

சாவு ஒண்ணும் பேச்சுக்குச் சொல்றதில்ல. 1982 நவம்பர்ல தென்கொரியாவோட டுக் கூ கிம், ரே மான்சினிகிட்ட பதினாலாவது ரவுண்டுல விழுந்து, தட்டுத்தடுமாறி எழுந்தார், ரெஃப்ரி நிறுத்திட்டார், அப்புறம் கோமா, சில நாள்ல போய்ட்டார். அதுக்கப்புறம்தான் பதினஞ்சு ரவுண்ட பன்னெண்டாக் கொறச்சாங்க. இத உங்க வீட்ல மறைக்காம சொல்லுங்க. இதத் தெரிஞ்சும் ஏன் பாக்குறேன்னு அவங்க கேட்டா, அது நியாயமான கேள்வி, முழிங்க, முழிக்கிறது தப்பில்ல.

வீட்டுப்பாடம் தர்றேன். 2002 மே மாசம், ஆர்ட்டுரோ காட்டி, மிக்கி வார்ட்னு ரெண்டு பேர் மோதின ஃபைட். பெல்ட்டும் கிடையாது டைட்டிலும் கிடையாது, வெறும் பத்து ரவுண்டு. ஒம்பதாவது ரவுண்ட மட்டும் வெட்டிப் பாத்தீங்கன்னா எனக்கு எழுதவே எழுதாதீங்க. வார்ட் விலாவுல வெச்ச இடது கைக்கு காட்டி சுருண்டு உக்காந்து, எழுந்து, வாங்கி, திருப்பிக் குடுத்து, மறுபடி வாங்கி முடிக்கிறார். ரவுண்டு முடிஞ்சதும் காட்டியோட கார்னர்ல குழப்பம், நிறுத்திட்டாங்கன்னு நெனச்சு வார்ட் பக்கம் கொண்டாடவே ஆரம்பிச்சுட்டாங்க. நிறுத்தல. பத்தாவதுக்கு காட்டி வந்து நின்னார். அனுப்பினது சரியா தப்பாங்கறதுல நானும் மாமாவும் ஒத்துப்போனதே இல்ல. வார்ட் ஜெயிச்சார், அப்புறம் ரெண்டு தடவ மோதி ரெண்டுலயும் காட்டி ஜெயிச்சார். 2007ல காட்டியோட கடைசி ஃபைட்டுக்கு அவரோட ட்ரெய்னரா கார்னர்ல நின்னது யார் தெரியுமா, இதே மிக்கி வார்ட்.

முழுசா பாருங்க. இடைவேளைல சவுண்ட கொறச்சுட்டு டீ போடப் போகாதீங்க, ஃபார்வர்ட் பண்ணாதீங்க. பாத்துட்டு, ஒம்பதாவதுக்கப்புறம் நீங்களா இருந்தா அனுப்பியிருப்பீங்களா மாட்டீங்களான்னு எழுதுங்க. உங்க வீட்ல அவங்களையும் பக்கத்துல உக்கார வெச்சுப் பாத்தீங்கன்னா அவங்க பதிலையும் சேத்து எழுதுங்க, அதுதான் எனக்கு வேணும்.