மங்கிய மீட்டர் விளக்கு: பல்பை மாற்றும் முன் வோல்ட்டேஜைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1966-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. பகலில் ஓட்ட அருமையான வண்டி. இரவில் ஸ்பீடோமீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கடைசிவரை திருப்பியும் பலனில்லை. புதிதாக எல்.இ.டி. பல்புகள் வாங்கிப் போட்டேன், ஒன்றுகூட எரியவில்லை. பழைய பல்புகளையே திரும்ப மாட்டிவிட்டேன். இன்னும் அதிக வாட் பல்பு போடலாமா? (இங்கிலாந்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எல்.இ.டி. எரியாத கதையை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம். எம்ஜிபி 1962-இல் வந்தது. 1967-இன் பிற்பகுதியில் இரண்டாம் மாடல் வரும்வரை அதில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். சாதாரண பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான், இழை சூடானால் எரியும். எல்.இ.டி. ஒருவழிப் பாதை. நீங்கள் வாங்கியவை பெரும்பாலும் கெட்டுப்போனவை அல்ல, அவற்றுக்கு மின்சாரம் தலைகீழாக வருகிறது. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்தால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். எந்த முனையின் கம்பி பாடியில் திருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இத்தனை ஆண்டுகளில் யாராவது மைனஸ் எர்த்துக்கு, அதாவது மைனஸ் முனை பாடியில் இணையும்படி, மாற்றியிருக்கவும் கூடும், அதனால் வண்டியின் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிளஸ்தான் பாடியில் என்றால் பிளஸ் எர்த்துக்கென்றே செய்தவையோ, இரண்டு பக்கமும் வேலை செய்பவையோதான் வாங்க வேண்டும்.

ஆனால் எரிகிற எல்.இ.டி. கிடைத்தாலும் உங்கள் குறை தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வண்டியில் மீட்டர்களுக்குப் பின்னால் இருப்பது 2.2 வாட் திருகு பல்பு. இந்த வண்டியின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியின் எண் 987 என்று கேட்டால் எந்தப் பழைய உதிரிபாகக் கடையிலும் தருவார்கள். சின்ன பல்புதான். ஆனால் வண்டி புதிதாக இருந்தபோது அதே பல்பை வைத்துத்தான் இரவில் ஓட்டினார்கள். அப்போது போதுமானதாக இருந்த வெளிச்சம் இப்போது போதவில்லை என்றால் வழியில் எங்கோ காணாமல் போகிறது. மின்சாரம் பல்புக்கு வரும் வழியில் போகலாம், இல்லை வெளிச்சம் பல்பிலிருந்து உங்கள் கண்ணுக்கு வரும் வழியில் போகலாம். பெரும்பாலும் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் போயிருக்கும்.

முதலில் செலவில்லாத ஒரு சோதனை. இரவில் வண்டியை நிறுத்தி, விளக்குகளைப் போட்டு, எஞ்சினை ஐடிலில் விடுங்கள். அப்புறம் 2000 ஆர்.பி.எம். வரை ஏற்றுங்கள். மின்சாரம் தயாரிக்க உங்கள் வண்டியில் இன்றைய ஆல்டர்னேட்டர் இல்லை, பழைய டைனமோதான். ஐடிலில் டைனமோ தருவது சொற்பம், அப்போது பேட்டரிதான் பாரத்தைச் சுமக்கும். சிக்னலில் நிற்கும்போது மங்கி, ஓடும்போது தெளிந்தால் அது டைனமோவின் இயல்பு, பழுதல்ல. ஓடும்போதும் மங்கலாகவே இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

அடுத்து மல்டிமீட்டர், அதாவது வோல்ட்டேஜ் அளக்கும் கருவி. டேஷ்போர்டு மீட்டரின் பின்பக்கம் பல்பு ஹோல்டர் அழுத்திச் செருகியிருக்கும். இழுத்தால் கழன்று வரும், மீட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. தலைகீழாகப் படுத்துக்கொண்டு கையைத் திணிக்கிற வேலை, கழுத்துக்குத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயொரு ஹோல்டரை மட்டும் உருவி, மற்ற பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது, அதன் நடுத் தொடுமுனைக்கும் பாடியின் வெறும் உலோகத்துக்கும் இடையே அளவெடுங்கள். மற்றவை எரிந்தாக வேண்டும், ஏனென்றால் மின்சாரம் ஓடாத கம்பியில் இழப்பும் தெரியாது. டிஜிட்டல் மீட்டரில் மைனஸ் குறி வந்தால் கலங்க வேண்டாம், பிளஸ் எர்த் வண்டியில் அப்படித்தான் வரும். இந்த எண்ணைப் பேட்டரியில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட் வித்தியாசம் என்றால் இந்த வயது வண்டிக்குச் சரி. 2, 3 வோல்ட் காணோம் என்றால் குற்றவாளி கம்பியில்தான் இருக்கிறான்.

2 வோல்ட் போனால் என்ன என்று தோன்றலாம். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு சேர்ந்து மெல்ல இறங்குவதில்லை, சறுக்கி விழுகிறது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். 13.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10.5 வந்தால் பாதிக்கும் குறைவான வெளிச்சம்தான் மிஞ்சும், அதுவும் செம்மை தட்டிய வெளிச்சம். இந்த நிலையில் அதிக வாட் பல்பு போட்டால் அது இன்னும் கூடுதல் மின்சாரம் இழுக்கும், துருப்பிடித்த இணைப்பில் இழப்பும் கூடும். கூடவே சூடு. 5 வாட் பல்பின் சூட்டில் ஹோல்டரும் மீட்டருக்குள் இருக்கும் பெயின்ட்டும் வறுபடும். எனவே உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: வேண்டாம்.

நான் எப்போதும் முதலில் சந்தேகப்படுவது நீங்கள் திருப்பிப் பார்த்த அந்தக் குமிழை. அதற்குப் பின்னால் மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட் இருக்கிறது: கம்பிச் சுருளின் மேல் ஒரு தகடு ஊர்ந்து செல்லும் எளிய பொருள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் சுருளில் களிம்பு பிடிக்கும். 'முழு வெளிச்சம்' என்று நீங்கள் திருப்பிய கோடியில் தகடு சுருளைச் சரியாகத் தொடாமலே இருக்கலாம். சிவப்புக் கம்பி ரியோஸ்டாட்டுக்குள் போகும், சிவப்பு-வெள்ளைக் கம்பி வெளியே வந்து மீட்டர்களுக்குப் போகும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இரண்டையும் ரியோஸ்டாட்டிலிருந்து எடுத்து ஒன்றோடொன்று சேர்த்து டேப் சுற்றுங்கள். பேட்டரியை மாட்டி விளக்கைப் போடுங்கள். சட்டென்று பளிச்சென ஆனால் வேலை முடிந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை முப்பது நாற்பது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினால் பல ரியோஸ்டாட்கள் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காவிட்டால் அந்த நேரடி இணைப்பையே நிரந்தரமாக விட்டுவிடலாம். மீட்டர் வெளிச்சம் அதிகம் என்று புலம்பிய எம்ஜிபி உரிமையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பேட்டரியைக் கழற்றச் சொன்னதை ஏனோதானோவென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆண்டு வண்டியில் இந்த விளக்குச் சுற்றுக்கு ஃப்யூஸ் கிடையாது. சிவப்புக் கம்பி தப்பித் தவறி டேஷ்போர்டின் இரும்பில் பட்டால் கம்பிக் கட்டே புகைந்துவிடும்.

அடுத்த சந்தேகம் எர்த். பல்பு ஹோல்டர் மீட்டரின் உலோகக் கூட்டைத் தொட்டு, கூட்டிலிருந்து ஒரு கறுப்புக் கம்பி வழியாகப் பாடிக்குப் போகிறது. கூடு எர்த் ஆகாவிட்டால் மின்சாரம் சுற்றி வளைத்துத் திரும்பும், பல்பு அழுது வடியும். ஒரு நீளமான கம்பியின் ஒரு முனையை மீட்டர் கூட்டிலும் மறுமுனையைச் சுரண்டிய வெறும் பாடி உலோகத்திலும் வைத்துப் பாருங்கள். அந்த மீட்டர் மட்டும் பளிச்சென்றால் கறுப்புக் கம்பியின் முனையையும் அது பிடிக்கும் மரையையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். ஹோல்டரின் காதுகளையும் துளையின் விளிம்பையும் அப்படியே. எல்லா மீட்டரும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் ரியோஸ்டாட் பக்கம் போங்கள், ஒன்றிரண்டு மட்டும் மங்கல் என்றால் எர்த் பக்கம். பாதி நேரம் இதுவே போதும்.

மிச்சம் இருப்பது புல்லட் கனெக்டர்களும் (கம்பிகளை இணைக்கும் குண்டு வடிவ முனைகள்) விளக்கு ஸ்விட்சும். ஹெட்லைட்டைப் போட்டதும் மீட்டர் விளக்கு இன்னும் இறங்கினால் இழப்பு ஸ்விட்சிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. புல்லட்களைப் பளபளவென்று தேய்த்து, இணைக்கும் ரப்பர் குழாய்களைப் புதிதாக மாற்றுங்கள், விலை மலிவு. லூகாஸ் கம்பெனியை 'இருட்டின் இளவரசன்' என்று கிண்டலடிப்பது இங்கிலாந்தில் பழைய வழக்கம். அறுபது வருட ஈரத்தில் பச்சை பூத்த பித்தளைக்கு அவர்களைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, வோல்ட்டேஜ் முழுதாக வருகிறது, பல்பும் புதிது, இன்னும் மங்கல் என்று வைத்துக்கொள்வோம். (பழைய பல்பு என்றால் கண்ணாடியைப் பாருங்கள். டங்ஸ்டன் ஆவியாகி உட்புறம் கறுத்திருக்கும்.) இப்போது மீட்டருக்குள்ளேயே போக வேண்டும். உங்கள் வண்டியில் உள்ள ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டரில் பல்பு டயலை நேராகப் பார்ப்பதில்லை. வெளிச்சம் கூட்டின் உட்சுவரில் பட்டுத் தெறித்து, டயலின் ஓரமாக வந்து எழுத்தின்மேல் விழுகிறது. உட்சுவரின் வெள்ளை மஞ்சளாகிப் போயிருந்தால் எந்தப் பல்பும் உதவாது. எல்.இ.டி. போட்டவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். முன்பக்கம் மட்டும் வெளிச்சம் வீசும் எல்.இ.டி. ஒரு வட்டத்தைப் பளிச்சென்று காட்டிவிட்டு மற்ற இடத்தை இருட்டில் விட்டுவிடும். பக்கவாட்டிலும் வெளிச்சம் வீசுகிற வகைதான் இங்கே பொருந்தும்.

மீட்டரின் முன் வளையத்தை மெல்லத் திருப்பினால் அதன் காதுகள் கூட்டின் காடிகளுக்கு நேராக வரும், அப்போது கண்ணாடியோடு கழன்றுவிடும். உள்ளே இறுகிப்போன ரப்பர் விடாது. அவசரப்படாமல் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற வையுங்கள். முள்ளைத் தொடாதீர்கள். டயலைத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். நான் ஒருமுறை ஸ்பிரிட் தொட்டு லேசாகத் துடைத்ததில் 70-இல் இருந்த 7 துணியோடு வந்துவிட்டது. கூட்டின் உட்புறத்துக்கு மட்டும் வெள்ளை பெயின்ட் இரண்டு பூச்சு. சில மீட்டர்களில் பல்புத் துளைக்கு முன்னால் பச்சையோ நீலமோ ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். எடுத்துவிட்டால் வெளிச்சம் நன்றாகக் கூடும், பழைய நிறம் போய்விடும். எனக்கு அந்தப் பச்சை பிடிக்கும், அதனால் கழுவி மட்டும் வைப்பேன்.

எண்ணெய் அழுத்தமும் தண்ணீர்ச் சூடும் காட்டும் இரட்டை மீட்டரை மட்டும் வெளியே இழுக்காதீர்கள். அதற்குப் பின்னால் எஞ்சின் எண்ணெய் உள்ள குழாய் ஒன்றும், ஈதர் அடைத்த மெல்லிய செம்புக் குழாய் ஒன்றும் இருக்கின்றன. செம்புக் குழாய் மடிந்து உடைந்தால் சூட்டு மீட்டர் போயே போச்சு. ஒரு விளக்குக்காக அந்த ஆபத்து வேண்டாம், பின்னாலிருந்து பல்பை மட்டும் மாற்றுங்கள்.

கடைசியில் எல்.இ.டி.க்குத்தான் போவேன் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: குமிழ் வேலை செய்யாது. ரியோஸ்டாட் மின்னோட்டத்தை நம்பி இயங்குவது. ஆறு 2.2 வாட் பல்புகள் சேர்ந்து 1 ஆம்பியர் போல இழுக்கும்போது அதன் தடையில் ஓர் ஓமுக்கு 1 வோல்ட் இறங்கும். எல்.இ.டி.கள் அதில் பத்தில் ஒரு பங்கு இழுத்தால் இறக்கமும் அவ்வளவுதான்.

டயலுக்குள் இருக்கும் இக்னிஷன் எச்சரிக்கை விளக்கில் மட்டும் எல்.இ.டி. வேண்டாம். டைனமோ இருக்கும்வரை பெரிய பாதகமில்லை. நாளைக்கே ஆல்டர்னேட்டருக்கு மாற்றினீர்கள் என்றால், அது சார்ஜ் செய்யத் தொடங்குவதற்கான முதல் மின்சாரம் அந்த 2.2 வாட் பல்பு வழியாகத்தான் போகும், எல்.இ.டி. விடும் மின்சாரம் அதற்குப் போதாமல் போகலாம்.